எடைமேடையில் வருகைப் பதிவு

அம்மா தன் போனை எங்களிடம் விட்டுவிட்டு
கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவாள்.
எட்டு மணிக்கு ஐந்தாம் ஆண்டு, நான்.
அதே எட்டு மணிக்கு முதலாம் ஆண்டு, தம்பி.
முதல் வாரம் சண்டை.
இரண்டாம் வாரம் விட்டுக்கொடுத்தேன் என்று
எழுத ஆசைதான்.
நகத்தால் பிறாண்டி அவன் ஜெயித்தான்.

வீட்டில் ஒரு கோடு. சில நேரம் அதுவும் கிடையாது.
மில் எடைமேடைப் பக்கம் மட்டும் மூன்று.
உரச்சாக்கை விரித்து உட்கார்ந்தோம்,
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
பீடோர் சாலைவரை வரிசை பிடித்து நிற்க.

தம்பி பள்ளியைப் பார்த்ததே இல்லை.
அவனுக்குப் பள்ளி
உள்ளங்கை அகலம், இடது மூலையில் விரிசல்,
விரிசலுக்குப் பின்னால் புஷ்பலீலா டீச்சர்.
டீச்சருக்குக் கால் உண்டா என்று ஒருநாள் கேட்டான்.

"சர்விந்திரன்?"
மைக்கைத் திறந்தால்
லோரிதான் முதலில் பதில் சொல்லும்.
"யார் வீட்டுல மோட்டார் ஓடுது? மூடுங்க."
மூடினோம்.
அவன் பெயருக்கு நேரே
டீச்சர் என்ன போட்டாரோ.

நான்காம் நாள் அபாங் ரஸாலி கவனித்தார்.
அவருக்குத் தமிழில்
'தம்பி', 'சாப்பிட்டாச்சா', அவ்வளவுதான்.
என்ஜினை அணைத்தார்.
பின்னால் நின்றவன் ஹார்ன் அடிக்க
ஜன்னல் வழியே கையை நீட்டி, இரு என்றார்.
கிடைத்த இடைவெளியில்
தம்பி கத்தினான்:
"வந்துட்டேன் டீச்சர்!"

அதன்பின் தினமும் யாராவது ஒருவர் அணைத்தார்கள்.
மழை பெய்தால் வகுப்பு இல்லை.
பத்து வெள்ளி டாப்-அப் தீர்ந்தாலும் இல்லை.

என் பாடம் இரவு ஒன்பதுக்கு மேல், புலனத்தில்.
போனை நீட்டும் அம்மா விரல்களில் மாவு வாசம்.
அவள் தூங்கியதும் பின்னக் கணக்கு.
பின்னம் எனக்கு இன்னும் பாதிதான் தெரியும்.

அக்டோபரில் பள்ளி திறந்தது.
டீச்சருக்குக் கால் இருந்தது.
வாயைத்தான் காணோம், முகக்கவரிக்குள்.
மேசைக்கு மேசை ஒரு மீட்டர்,
தம்பிக்குப் புதுக் காலணி, ஒரு அளவு பெரியது.
கொண்டுபோய் விட்ட நான்
வாசலிலேயே நின்றேன்.

"சர்விந்திரன்?"

பதில் இல்லை.
டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.
எதிரிலேயே இருக்கிறான், இருந்தும்
உதட்டை இறுக்கி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

சாலையில் ஏதோ ஒரு லோரி
கியர் மாற்றி மேடேறிக்கொண்டிருந்தது.
அது அணையட்டும் என்று
காத்திருந்தான்.