வழு எண் ஒன்று

பஹாஹீலில் வெள்ளிக்கிழமை.
யசோதரன் அறையில், ஏசி இரைச்சலை மீறி
ஆறு பேர் பேசிக்கொண்டிருக்கிறோம்
ஒரு தமிழ் விசைப்பலகைக்காக.
யாரும் சம்பளம் தருவதில்லை.
செய்யச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

'கொ' எழுதி ஒருமுறை பின்னழித்தால்
கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்து போகிறது.
இதை ஜஹ்ராவிலிருந்து சாகுல் மூன்று தரம் சொன்னார்:
குரல் பதிவில் ஒருமுறை,
பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் ஒருமுறை,
கோகுலன் மகளின் பிறந்தநாளில்
கேக் வெட்டும்போது ஒருமுறை.
மூன்று தரமும் தலையாட்டினோம்.
நான்காம் தரம் அவர் சொல்லவில்லை.
வேறு விசைப்பலகைக்குப் போய்விட்டார்.

நான் சுத்திகரிப்பு ஆலையில் வால்வு பார்ப்பவன்.
அங்கே கசிவைக் கண்டவன்
மஞ்சள் அட்டையில் எண் போட்டு, பெயர் எழுதி,
கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டுத்தான் நகர்வான்.
இரவு ஷிஃப்டுக்கு வரும் நேபாளிக்கு
என் முகம் தெரியாது. அட்டை தெரியும்.
வாயால் சொன்ன கசிவு
ஷிஃப்ட் மாறுவதற்குள் ஆவியாகிவிடும்.

ஒரு பதிவேடு வைப்போம் என்றேன்.
வழுவுக்கு ஓர் எண், கண்டவர் பெயர்,
திறந்த நாள், மூடிய நாள். அவ்வளவுதான்.

"ஆறு நாள் ஆபீசில படிவம் நிரப்பிறன்,
ஏழாம் நாளுமா?" என்றான் கோகுலன்.
யசோதரன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்:
"எல்லாம் இஞ்ச இருக்குது."
பிறகு கண்ணைச் சிமிட்டி,
"உதெல்லாம் வழு இல்லை ஐசே, வழுவமைதி!"

எல்லோரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவைதான்.
சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்:
அமைதி யாருக்கு? சாகுலுக்கா, நமக்கா?

ஃபிலோமினா சுலைமானி ஊற்றுவதை நிறுத்தினாள்.

இக்காமா சிக்கலில் நீங்கள் அலைந்த பதினோரு நாள்
இங்கே ஒரு வரி நகரவில்லை, யசோ.
நம் ஒவ்வொருவர் அட்டையிலும்
முடிவுத் தேதி அச்சடித்துத்தான் தந்திருக்கிறார்கள்.
நமக்குப் பின் வருகிறவர்
யார் நெற்றியைத் தட்டுவார்?

அதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியவில்லை.
மடிக்கணினியைத் திறந்தபடி வைத்துவிட்டு
பிரியாணி வாங்கப் படியிறங்கினேன்.

திரும்பி வந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை.
திரையில் இருந்தது:

எண் 1. கண்டவர்: யசோதரன்.
'உங்கட பதிவேட்டில வாரம் திங்களில தொடங்குது.
இஞ்ச ஞாயிறு வேலைநாள். திருத்தவும்.'

அதன் கீழே ஃபிலோமினா:
'எனக்கும் அப்படித்தான் வருகிறது.'

எண் 2. கொ.
கண்டவர்: சாகுல், ஜஹ்ரா.
முதலில் கண்ட நாள் என்ற கட்டத்தில்
கோகுலன் எழுதியிருந்தான்:
எப்பவோ.