பத்துப் பத்தாக

பர்கூர் எடைமேடையில்
கல் லாரி ஓய்ந்த மத்தியானம்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
கேபினுக்குள்ளிருந்து டிரைவர் முனிரத்தினம்
ரோட்டுக்கே கேட்க வாசித்தார்:
எண்பது.

மறுநாளே டீயில் சர்க்கரை நின்றது.
இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி
மாந்தோப்பு ஓரமாய் வீட்டுக்கு நடை.
நாய் துரத்தியதில் கொஞ்சம் ஓட்டமும்.
ஐப்பசி மழையில் நாலு நாள் போகவில்லை,
ஐந்தாம் நாள் போண்டா தின்றேன்,
ஆறாம் நாள் மறுபடி நடந்தேன்.

தை பிறந்தும் எண்பதேதான்.
குறை சொல்ல முடியாது;
டன் கணக்கில் பாறை பார்த்த மெஷின்,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
இடையில் கரைவதெல்லாம் அதன் கண்ணுக்குத் தூசு.

இன்று காலை புடவைக் கொசுவத்தில்
ஒரு மடிப்பு கூடுதலாய் வந்தது.

பழைய ரசீதின் பின்பக்கம்
'ஒன்று' என்று எழுதி
மடித்து வைத்துக்கொண்டேன்.