ஒரு நாள் கூலி

கொட்டடியில், வலைக்கடைக்கு மேல்மாடி.
வாடகைக் கதிரை பதினைந்து கேட்டோம்,
பதினான்கு வந்தது.
ஆட்கள் பதினேழு.
"கட்சி தொடங்க முதலே கதிரைச் சண்டையோ"
என்றார் எமிலியான்.
ஒருவரும் உடனே சிரிக்கவில்லை,
பிறகு எல்லாரும் சிரித்தோம்.

நான் குறிப்பு எழுதுபவன்.
எண்பது பக்கக் கொப்பி, மேலே திகதி,
அதன் கீழே "சமமாக" என்று தொடங்கும் ஒரு வசனம்
மூன்று முறை வெட்டியபடி.

பெயர் முடிவாகவில்லை.
சின்னமும் இல்லை. தராசு வேண்டாம்,
சந்தையில் அதை நம்பி ஏமாந்தவர்கள்
இந்த அறையிலேயே ஐந்து பேர்.
துலா என்றார் குலசிங்கம்.
"துலா மிதிக்க எங்களை ஏத்தினவை
கிணத்துக் கட்டில ஏற விட்டவையோ?"
பின்சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல்.
யார் கேட்டது என்று நான் எழுதவில்லை.
கேட்டது என்று எழுதினேன்.

லண்டனிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் வந்தார்.
கட்டடம் தருவாராம், வாகனம் தருவாராம்,
தலைவர் யார் என்பதை மட்டும்
ஆறுதலாய்க் கதைப்பமாம்.
கவரேஜ் போய்விட்டது.
திரும்ப அழைப்பதில்லை என்று தீர்மானம் ஏதுமில்லை.
அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அங்கத்துவப் பணம்.
ஆளுக்கு ஐந்நூறு, ஆருக்கும் கூடக் குறைய இல்லை,
அதுதானே சமம் என்றார் சட்டத்தரணி விமலச்சந்திரன்.

பத்மலோசனி எழும்பினார்.
புன்னாலைக்கட்டுவனில் பகல் முழுக்க வெங்காயம் கிண்டி
நகத்துக்குள் செம்மண்ணோடு பஸ் ஏறி வந்தவர்.
"ஐந்நூறு உங்களுக்கு எத்தினை நிமிசம்?
எனக்கு ஒரு காலமை.
அதே வரம்பில நிக்கிற ஆம்பிளைக்குத்
தேத்தண்ணிக்கு முந்தின நேரம்.
காசைச் சமனாக்காதேங்கோ, நாளைச் சமனாக்குங்கோ.
ஆளுக்கு ஒரு நாள் கூலி."

மின்விசிறி சுற்றுவது கேட்டது.
சட்டத்தரணி மனதுக்குள் பெருக்கினார்,
உதடு அசைந்தது.
"வழக்கில்லாத நாளைக் கணக்கில எடுக்கலாமோ?"
"அப்ப எனக்கு மழை பெய்யிற நாளை எடுப்பியளோ?"
இந்த முறை உடனே சிரித்தோம்.
அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

கை தூக்கியவர் பதினொன்று, தூக்காதவர் மூன்று.
நிறைவேறியது என்று எழுதிக்கொண்டிருக்கையில்
நிரோஜிகா தட்டோடு வந்தாள்,
பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், கேத்திலோடு.
"எங்கட கையை எண்ணினனீங்களோ?"
தட்டை வாங்கி வைத்துவிட்டு மறுபடி எண்ணினோம்.
பதினான்கு.

இனி நான் எழுதாதது.

என் பையில் இன்னொரு புத்தகம்.
நீல மட்டை, கம்பனி முத்திரை,
வியாழன்தோறும் நான் படலை தட்டும் பெயர்கள்.
பத்மலோசனி இருபத்தேழாவது வரி,
இரண்டு தவணை பிந்தி.
ஏழு மாதமாய் அவர் முற்றத்தில் நின்று
"அக்கா, இண்டைக்கு எப்பிடியும்" என்ற வாய்
அன்றிரவு அவருடைய தீர்மானத்தை
உரத்து வாசித்தது.
என் முறை வர என் ஒரு நாளை வைத்தேன்,
இரண்டாயிரத்து நானூறு ரூபா.
அது யாருடைய எத்தனை காலமை என்பதற்கு
இரண்டு கொப்பியிலும் நிரல் இல்லை.

வியாழன் வந்தது. போனேன்.
வேலையை இன்னும் விடவில்லை,
விடுவேன் என்று இதிலும் எழுதமாட்டேன்,
வீட்டில் எனக்கும் லீசிங் இருக்கிறது.
படலையைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்,
உள்ளே போய்க் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து
முற்றத்து நடுவில் வைத்தார்.

"செயலாளர் எண்டால் இருங்கோ.
மற்றதெண்டால் நில்லுங்கோ."

அடுத்த கூட்டம் ஞாயிறு, பின்னேரம் நாலு மணி.
கதிரை இருபது சொல்லியிருக்கிறது.