மாதிரி எண் பதினான்கு

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
தார்த்து நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில்
விர்வேக்குச் சம்பளம் அதற்குத்தான்.

தேன்நிற ரப்பர். விரல் நீளம்.
சவரக் கத்தியால் ஒரே இழுப்பு.
பிறகு இரு முகங்களையும் சேர்த்து வைத்துவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
பசை கிடையாது. சூடு கிடையாது.
கால் மணியில் பிடித்துக்கொள்ளும்.
ஒரு மணி போனால், எங்கே வெட்டினோம் என்று
வெட்டியவளுக்கே தெரியாது.

முதல் தடவை பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.
போன மாதம் வந்த அமைச்சகத்துக்காரர்
பிளந்த தன் பூட்ஸின் அடியைத் தூக்கிக் காட்டி
இதற்கு எப்போது வரும் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை, பதினான்காவதை வெட்டிய கையோடு
போன் அடித்தது. கல்யு. தம்பி.
பெய்ப்சி ஏரிக்கரைச் சவுனாவை
அவளைக் கேட்காமல் விற்ற பிறகு
ஆறு வருஷத்தில் முதல் குரல்.
"ஏரி இறுகிவிட்டது," என்றான்.
"கார் போகிற அளவுக்கு."
"பார்க்கலாம்," என்றாள்.
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.
இரண்டு துண்டும் தட்டில் கிடந்தன.

திங்கள்கிழமை சேர்த்தாள். ஒட்டவில்லை.
அழுத்தினாள். எடை வைத்தாள்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.
ம்ஹூம்.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல:
அறுந்த கைகள் கொஞ்ச நேரம்தான் எதிரே தேடும்.
யாரும் வராவிட்டால்
பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.
வெட்டுமுகம் மழமழவென்று
தன்னளவில் நிறைந்துவிடும்.
ஆறியதா, ஆறிப்போனதா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

குப்பைக்குப் போக வேண்டிய மாதிரி.
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
வாரிய தெருவையே மறுபடி வாரிக்கொண்டிருந்தது.

கத்தியை எடுத்தாள்.
ஒவ்வொரு முகத்திலிருந்தும்
நகத்தின் கனத்துக்கு ஒரு சீவல்.
உள்ளே மினுக்கம், அப்போதுதான் நனைந்தாற்போல.
சேர்த்தாள்.
இந்த முறை நகரவில்லை, காப்பி குடிக்கவும்.

இழுவை இயந்திரத்தில் மாட்டி முடுக்கினாள்.
நாலு மடங்கு நீண்டும் அந்த இடம் விடவில்லை.
பதிவேட்டில் எழுதினாள்:
பதினான்கு. மறுவெட்டு. ஒட்டியது.
நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவு.

இயந்திரம் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.
அவள் போன் போட்டாள்.
நாலாவது மணியில் எடுத்தான்.
"ஏரி இருக்கட்டும், கல்யு.
சவுனாவை எவ்வளவுக்கு விற்றாய்?
முதலில் அதைச் சொல்."