நாற்பத்தொன்பது

இருபத்தேழு பேர் என்று எழுதி வைத்திருந்தேன்.
ஹீயுமா தீவுக்கு வந்த மாலைக் கப்பல்
முப்பத்தொரு பேரைக் கொட்டிவிட்டுப் போயிற்று.
கூடவே இரண்டு நாய்கள்,
யாரும் அழைக்காத ஓர் அக்கார்டியன்.

உட்கார இடம் போதவில்லை.
அடுத்த வீட்டு ஊர்வெயிடம் பெஞ்சு வாங்கினேன்.
சவுனாவிலிருந்து முக்காலிகள் வந்தன.
சரக்கறைக் கதவைக் கழற்றி
இரண்டு பீப்பாய்மேல் கிடத்தி
அதையும் மேசை என்றேன்.
கைப்பிடியை எடுக்க மறந்துபோனது.
பந்தி முழுக்க ஹெய்னோ மாமா
அதைத் திருகிக்கொண்டே இருந்தார்,
அந்தப் பக்கம் யாரோ காத்திருப்பதுபோல.

சாலட்டை எதில் கலக்க என்றாள் பில்லெ.
பெயின்ட் கலக்காத வாளியில் என்றேன்.
எந்த வாளி அது என்று
வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமில்லை.

ஜூலை மாதம்.
மணி பத்தாகியும் எழுந்துபோக மனமில்லாமல்
பைன் மரங்களுக்கிடையில் உட்கார்ந்திருந்தது வெயில்.
கொசுவுக்கு மட்டும்தான் நேரம் தெரிந்தது.

டார்மோவுக்கு ஐம்பது.
காலையிலிருந்து புல்வெட்டும் இயந்திரத்தைப்
பிரித்துப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான்.
முறுக்கிச் சுட்ட பிறந்தநாள் ரொட்டியைக்கூட
கிரீஸ் கையோடுதான் பிய்த்தான்.
ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலை நிமிர்ந்தது.
நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று
கேட்காமலே இரண்டு தடவை சொன்னான்.

அவன் அண்ணன் அஹ்தோ.
ஒரு படகு எஞ்சின்.
இரவல் கொடுத்தபோது உடைந்ததா,
உடைந்த பிறகு கொடுத்ததா.
எட்டு வருஷம் ஓடிவிட்டது அந்தக் கேள்வியிலேயே.
எஞ்சின் இரண்டு கை மாறி
லாட்வியாவில் எங்கோ நன்றாக ஓடுகிறதாம்.

அழைப்பை நான்தான் அனுப்பினேன்.
டார்மோவிடம் சொல்லவில்லை.

கடைசிக் கப்பலுக்கு வந்தான் அஹ்தோ.
கோடைக்குப் பொருந்தாத கோட்டு.
கைப்பிடிக்குள் அடங்கிய கொத்து,
ரை வயலோரம் பூக்கும் நீலப்பூ.
நானே பறித்தேன், என்றான்,
எண்ணிப் பறித்தேன்.
எத்தனை என்றாள் சல்மெ அத்தை.
ஐம்பது.

அக்கார்டியன் பாதி மூச்சில் நின்றது.
இரட்டைப்படையில் பூ
எங்கள் ஊரில் சவப்பெட்டிக்கு.
பூக்கடைக்காரியின் கை தவறினாலும்
வாசலுக்கு ஓடிவந்து ஒன்று சேர்ப்பாள்.
அவன் வயதுக்கு ஒன்றென்று பறித்திருக்கிறான், பாவம்,
அதற்குமேல் யோசிக்கவில்லை.
ஆனால் அவன் எதைச் செய்தாலும்
வேண்டுமென்றே என்று நினைக்க
எங்களுக்கு எட்டு வருஷப் பழக்கம்.
அவன் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன்.
திரும்பி வழியைப் பார்த்தான்.
கப்பல் போயிருந்தது.

டார்மோ எழுந்தான்.
கொத்திலிருந்து ஒரு பூவை உருவினான்,
வாயில் போட்டு மென்றான்.
நிதானமாக, மாடு மாதிரி,
முப்பத்தொரு பேர் பார்க்க.
விழுங்கினான்.
‘நாற்பத்தொன்பது’ என்றான், ‘உட்கார்.’

உட்கார எங்கே இருக்கிறது இடம்?
ஹெய்னோ மாமா நகர்ந்துகொண்டார்,
கைப்பிடி இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது.
எஞ்சினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
பேசாததை மூடி மறைக்க
புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றி
நள்ளிரவு தாண்டியும் சண்டை போட்டார்கள்.
எடுத்த படங்களில் எல்லாம்
டார்மோவின் முன்பல்லில் துளி நீலம்.

மறுநாள் கதவை மாட்டினேன்.
மீன் வாடை போகவில்லை.
பனியில் ஊதிப்போய்ச் சட்டத்தில் சேரவும் மறுக்கிறது.
ஓரத்தைச் சீவினால் சரியாகும் என்கிறான் டார்மோ.
எங்கள் வீட்டில் இழைப்புளி இல்லை.
அஹ்தோவிடம் இருக்கிறது.
இரவல் கேட்க வேண்டும்.