கொசுறு

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
மயில்சாமி சார் கேட்டார்:
"உனக்கு விசா இருக்குதுல்ல?"
இருந்தது. பொருட்காட்சிக்கென்று வாங்கி
போகாமல் விட்ட பயணத்தின் மிச்சம்,
இன்னும் பதினொரு நாள் உயிரோடு.

போக வேண்டியவர் ஜெபஸ்டின்.
அவர் சிறுநீரகத்தில் கல்.
எங்கள் இரும்பில் விரிசல்.
ஷ்வைன்ஃபுர்ட் கிடங்கொன்றில்
எழுநூற்று நாற்பது பம்பு உடல்கள்;
நல்லது இது, கெட்டது இது என்று
ஒவ்வொன்றாய்க் கையிலெடுத்துச் சொல்ல
ஓர் ஆள் வேண்டும்,
திங்கள் காலை ஷிஃப்டுக்குள்.

சென்னையில் சோதனைத் திரையில்
என் கைப்பை கறுப்பாய் வந்தது.
துண்டில் சுற்றிய இரண்டே கால் கிலோ.
குறையில்லாதது என்று
மூன்று பேர் கையெழுத்திட்ட மாதிரி வார்ப்பு.
"என்னம்மா இது?"
"பம்பு உடம்புங்க."
"உள்ளே என்ன?"
"ஒண்ணும் இல்லீங்க.
ஒண்ணும் இல்லாம இருக்கறதுதான் அதுக்கு வேலை."
விரலால் தட்டிப் பார்த்தார். மணி போலச் சத்தம்.
விட்டுவிட்டார்.

முப்பத்தெட்டாம் வரிசை, நடு இருக்கை.
இடப்பக்கம் தூங்குகிறவர்,
வலப்பக்கம் தூங்கப் போகிறவர்,
கைப்பிடி இரண்டும் அவர்களுக்கு.
மூன்று மணிக்குச் சோறு வந்தது.
அது நேற்றைய இரவா, இன்றைய காலையா என்று
பணிப்பெண்ணுக்கும் தெரிந்திருக்காது.
முன்திரையில் சின்ன விமானம்
துர்க்மெனிஸ்தானில் நின்றுவிட்டது.
கழிப்பறை போய் வந்தேன்,
அப்போதும் துர்க்மெனிஸ்தான்.
காலுக்கடியில் இரும்பு
மிதித்தால் சில்லென்று இருந்தது.

ஃபிராங்க்ஃபுர்ட்டில் இறங்கியதும்
கணவரிடமிருந்து முதல் செய்தி:
"கேஸ் புக் பண்ணிட்டியா?"

சனிக்கிழமை மதியம் முதல் இரவு வரை
முந்நூற்றுப் பத்து பார்த்தேன்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்;
நேராக அடித்தால் எதுவும் நல்லதாகத்தான் தெரியும்.
சந்தேகம் வந்தபோதெல்லாம்
மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்,
விடைத்தாள் போல.
இருபத்து நாலு சிவப்புப் பெட்டிக்கு.
மற்றதெல்லாம் பச்சைக்கு.

கைபேசியை ஊர் நேரத்திலேயே வைத்திருந்தேன்,
மகள் எப்போது எழுவாள்
எப்போது படுப்பாள் என்று தெரியட்டுமென்று.
மூன்றரை கழித்தால் இங்கத்திய மணி.
ஞாயிறு ஒன்பதரை, கழித்தால் ஆறு.
சரியாக ஆறுக்கு வாசலில் நின்றேன்.
பூட்டியிருந்தது. இருட்டு. மூச்சு புகைந்தது.

காவலர் வால்டெமார் கண்ணாடிக் கூண்டிலிருந்து
சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.
ஐந்து.
விரலைப் பின்னோக்கிச் சுழற்றிக் காட்டினார்.
நான் தூங்கும்போது
இந்த நாடே முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறது.
கால் கிலோ கத்தரிக்காய்க்குக்
கறிவேப்பிலை போடுவது போல
யாரோ ஒரு மணி நேரத்தைப் பையில் போட்டிருக்கிறார்கள்,
கொசுறு.

கூண்டுக்குள் உட்காரச் சொன்னார்.
பால் இல்லாத தேநீர் தந்தார்.
கை சும்மா இருக்காமல்
துண்டை அவிழ்த்தேன்,
மாதிரியை மடியில் வைத்து
டார்ச்சைச் சாய்த்தேன்.

கழுத்துக்குக் கீழே,
விளிம்பு திரும்புகிற இடத்தில்
ஒரு கோடு.
நகத்தை ஓட்டினேன். தட்டியது.
மறுபடி ஓட்டினேன்.

நல்லதைச் சோதிக்க வேண்டும் என்று
எங்கள் மூன்று கையெழுத்தில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.
மூன்றில் ஒன்று என்னுடையது.

ஊரில் இப்போது மயில்சாமி சார்
கறிக்கடை வரிசையில் நிற்பார்.
எண்ணை எடுத்தேன். அழுத்தவில்லை.
வால்டெமார் கட்டைவிரலை உயர்த்தி
இரும்பைப் பார்த்துப் புருவத்தால் கேட்டார்:
நல்லதா?
தேநீரைக் குடித்தேன்.
அது ஆறிப் போயிருந்தது.

நிஜமான ஆறு மணிக்குக் கதவு திறந்தது.
ஃபோர்க்லிஃப்ட்காரர் புதுப்பெட்டியைத் தூக்கப் போனார்.
நான் பச்சைப் பெட்டிகளைக் காட்டினேன்.
நேற்றைய இருநூற்று எண்பத்தாறு.
புரியாமல் பார்த்தார்.
எனக்கு ஜெர்மன் வராது.
கையை அகல விரித்தேன்: எல்லாம்.
விரலைப் பின்னோக்கிச் சுழற்றினேன்,
வால்டெமார் செய்தது போல.