பத்தில் ஒரு பங்கு வினாடி

ஞாயிறு காலை ஐந்தே முக்கால்.
ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம்.
யானைமலைக்கு மேல் வெயில் ஏறுவதற்குள்
சுண்ணாம்புத் தூளில் ஆறு தடம் போட்டுவிட்டேன்.
வங்கி ஊழியர்களின் ஆண்டு விளையாட்டு விழா.
நேரம் குறிக்க ஆள் வேண்டும் என்று
ஜெசிந்தாதான் என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.
ஆயிரத்து இருநூறு ரூபாய், காலை டிபன்.

முதல் ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.
முடிவுத் தாளின் பின்பக்கம்
பென்சிலில், பழக்கதோஷம்:

வாங்கியது இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
(படித்து முடிக்கும்வரை கட்டவேண்டாம் என்றார்கள்.
வட்டி மட்டும் வார்ம்-அப் கூடச் செய்யாமல்
ஓட ஆரம்பித்திருந்தது.)
மாதம் ஐயாயிரத்து அறுநூற்று எழுபது.
எண்பத்துநாலு மாதம்.
கரிமேட்டு மெட்ரிக் பள்ளியில் சம்பளம்
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
பஸ், டிராக் சூட், ஹாஸ்டல் சாப்பாடு,
விசிலுக்குக் கூட என் காசு.

மே மாதம் பள்ளிக்கு விடுமுறை,
சம்பளத்துக்கும்.
தவணை மட்டும் பத்தாம் தேதி
சரியாக வந்துவிடும்.

வாரத்துக்கு நாலு பீரியட் என்று தாளில் இருக்கும்.
"போர்ஷன் முடியல மிஸ், இன்னிக்கு மட்டும்" என்பார்
கணக்கு டீச்சர்.
கொடுத்துவிட்டு ஆபீசில்
கட்டண ரசீதுகளை வரிசைப்படுத்துவேன்.
என் கோகோ பிள்ளைகள்
ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டே
பின்னங்களைப் பெருக்குவார்கள்.

எங்கள் பேட்சில் நாற்பத்திரண்டு பேர்.
சகாயராணி போலீசுக்குப் போய்விட்டாள்,
அவளுக்கு நீளம் தாண்டுதல் சம்பளமானது.
இருளப்பன், பல்கலைக்கழகக் கபடி அணி,
பைபாஸ் ரோட்டில் பிரியாணிப் பொட்டலத்தோடு
மூன்றாம் மாடி ஏறுகிறான்.
"பாட்டு விடாமத்தான் ஏறுறேன், டச் விட்டுப் போகல" என்பான்.
மற்றவர்கள் தேர்வு வாரியத்தின் கோட்டில்
விரல் ஊன்றிக் குனிந்திருக்கிறார்கள்.
'ஆன் யுவர் மார்க்' சொன்ன ஆள்
டீ குடிக்கப் போய்விட்டார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர், நூறு மீட்டர்.
நாலாம் தடத்தில் அவர்.
எனக்குக் கடன் போட்ட மேலாளர்.
"நர்சிங்னா யோசிக்கவே வேண்டாம்மா.
ஓடுறதுக்கு எதுக்குப் படிப்பு?"
என்று கேட்டு, பிறகு
என் அத்தையின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டவர்.

விசிலுக்கு முன்பே கிளம்பினார்.
திரும்பக் கூப்பிட்டார்கள்.
இரண்டாம் முறை நன்றாகத்தான் ஓடினார்,
தொப்பை அரைப் படி முன்னால்.

கடிகாரம் காட்டியது பதினேழு புள்ளி ஆறு ஒன்று.
நான் எழுதியது பதினேழு புள்ளி ஏழு.
"போன வருஷம் பதினேழு ஆறு மேடம்.
அதையே போடக்கூடாதா? ஒரு புள்ளிதானே."
"கையால் எடுத்த நேரத்தை
மேல்நோக்கித்தான் முழுமையாக்கணும் சார்.
கீழே இறக்க விதி இல்ல."
"எங்க பேங்க் மாதிரியே பேசறீங்களே" என்று சிரித்தார்.
அடையாளம் தெரியவில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
உட்காரப் போனவரைத் தாங்கிப் படுக்கவைத்து,
முழங்காலை நீட்டி
பாதத்தை அவர் நெஞ்சுப் பக்கம் மெல்ல மடக்கினேன்.
முப்பது எண்ணும்வரை விடவில்லை.
தசை என் உள்ளங்கையில் துடித்து,
துடித்து, தளர்ந்தது.
"அப்பா... போயிருச்சும்மா. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"
கல்லூரி பெயரைச் சொன்னேன்.
தொகையைச் சொல்லவில்லை.

மதியம் உறையில் ஆயிரம்தான் இருந்தது.
டிபனுக்குப் பிடித்துக்கொண்டார்களாம்.
தாள்களைக் கிளிப் போட்டு
அவரிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.
செருப்பெல்லாம் சுண்ணாம்பு.

மாட்டுத்தாவணி வந்தபோதுதான் உறைத்தது:
பின்பக்கம்.

நாளைக்கு அது ஃபைலில் ஏறும்.
யாராவது திருப்பிப் பார்க்கலாம்,
பார்க்காமலும் போகலாம்.
அந்தக் கணக்கில் நான்
மே மாதத்தை இன்னும் கழித்திருக்கவில்லை.